ஒனோரா லவெலின் வயது

ஒனோரா லவெலுக்கு எழுபது வயது என்பதில் ரின்மோரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். முதுகு நிமிர்ந்திருந்தது. தலையில் கறுப்பு முடி கொஞ்சம் பாக்கி இருந்தது. "உப்புல போட்ட மீனு கெடாதுல்ல, அந்த மாதிரிதான் இவளும்" என்று கோவில் வாசலில் பெண்கள் கேலி பேசுவார்கள். அவள் சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்துவிடுவாள்.

கைகள்தான் போய்விட்டன. நாற்பது வருடம் கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைக்குப் போய், குளிர்ந்த தண்ணீரில் முழங்கை வரை விட்டுப் பாசி பறித்த கைகள். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவித்த உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றாள். விறகுக்குப் பதில் எரிக்கும் மண்கட்டியைச் சதுப்பு நிலத்தில் வெட்டி அடுப்புக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் இருந்தது அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன ஒற்றை அறை வீடு. அண்ணன் பாட்ரிக் பதினெட்டு வயதில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியவன், அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எழுபது முடிந்தவர்களுக்கு அரசாங்கம் வெள்ளிக்கிழமைதோறும் கொடுக்கும் ஐந்து ஷில்லிங் பென்ஷன். அது கிடைத்தால் தன் வீட்டில், தன் அடுப்பின் முன்னால் இருந்துகொள்ளலாம். இன்னொன்று பட்டணத்து ஏழை விடுதி. அதன் பெயரை ரின்மோரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அங்கே' என்பார்கள். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த கெட்ட காலத்தில் அங்கே போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். போய்த் திரும்பினேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

பென்ஷன் அதிகாரி மழைக் கோட்டோடு வந்து வாசலிலேயே நின்று பேசினார், கூட வந்த மனெலி சாமியார் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

"வயசுக்கு ஏதாவது எழுத்து இருக்கா?"

"கோவில் புத்தகத்துல இருக்குங்க. பழைய சாமியாரு வாசிச்சதை நானே கேட்டிருக்கேன்."

ஆனால் கோவில் கூரை ஒழுகிய வருடத்தில் ஞானஸ்நானப் புத்தகம் நனைந்து பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிப் போயிருந்தது. பழைய சாமியாரும் இறந்துவிட்டார். அப்படியானால் டப்ளினில் இருக்கும் அரசாங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்க வேண்டியதுதான் என்றார் அதிகாரி. அங்கே அறுபது வருடத்துக்கு முன்னால் எடுத்த குடிக்கணக்கு, வீடு வீடாக எழுதியது, பத்திரமாக இருக்கிறதாம். ஊரும் தகப்பன் பெயரும் சொன்னால் தேடிப் பார்த்து எழுதுவார்களாம்.

பழைய சாமியார் அந்தப் புத்தகத்தைத் திறந்த நாளை ஒனோரா மறக்கவில்லை. அது முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், தவக்காலம் தொடங்க ஒன்பது நாள் இருந்தபோது. அந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் தவக்காலத்துக்கு முன்னால்தான். டோனல் பாரட்டுக்கு அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். டோனலை வளர்த்தது அவன் அத்தை. பிள்ளை இல்லாத அந்த அத்தையின் கையில்தான் நிலம் இருந்தது. எல்லாம் பேசி முடித்து, ஒரு புட்டி சாராயமும் பாதி காலியான பிறகு, அத்தைக்குப் பெண்ணின் வயதில் சந்தேகம் வந்தது. ஒனோராவுக்குத் தன் வயது தெரியாது. முப்பதைச் சுற்றி இருக்கும் என்று நினைத்திருந்தாள். அம்மா அவளுடைய பதினைந்து பதினாறு வயதில் இறந்துபோனாள், அப்பா அதற்கும் முன்னாலேயே. கேட்க ஆள் இல்லை. எல்லோருமாகச் சாமியார் வீட்டுக்குப் போனார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வாசித்தார்.

"மார்ட்டின் லவெல், காத்தரின். மகள் ஒனோரா. நாப்பத்திரண்டாம் வருசம். ஆக, முப்பத்தெட்டு."

அத்தை எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "முப்பத்தெட்டுல வந்து அவ எப்போ பெறுவா, எப்போ வளர்ப்பா?" என்றாள். ஒரே வாரத்தில் டோனலுக்கு வேறு ஊரில், இருபத்தொரு வயதுப் பெண்ணைக் கட்டிவைத்தார்கள். ஒன்பது பிள்ளைகள். அதன்பிறகு ஒனோராவை யாரும் கேட்டு வரவில்லை. முப்பத்தெட்டு என்று ஊரே கேட்டுவிட்டது. அவளும் அந்த வயதை வாங்கிக்கொண்டாள். தலையில் போடும் துணியை மாற்றினாள். பெண்கள் ஆடும் இடத்துக்குப் போவதை நிறுத்தினாள். ஒரு வருடத்தில் நடையும் முப்பத்தொன்பதுக்கு ஏற்றபடி ஆகிவிட்டது.

டப்ளினுக்குப் போகும் படிவத்தைத் தபால் நிலையத்து வின்னிதான் நிரப்பினாள். நாற்பது வயது, வாய் ஓயாதவள்.

"பென்ஷன் வந்ததுலேருந்து இந்த ஊர்ல அறுபதுல ஒரு ஆளு கிடையாது ஒனோராக்கா. போன மாசம் அறுபத்திரண்டுன்னு சொல்லிட்டிருந்த பிரிஜட்டு இப்போ எழுபத்தொண்ணாம். அவ புருசன் கேக்குறான், அப்போ நான் கட்டினது எங்க அம்மா வயசுக்காரியையான்னு. சரி, அப்பா பேரு?"

"மார்ட்டின் லவெல்."

"அம்மா காத்தரின். ஊரு ரின்மோர்தானே?"

"இல்ல. அப்போ டூன்காராவுல இருந்தாங்க. அங்க நிலச் சொந்தக்காரன் கூரையெல்லாம் பிரிச்சுப் போட்டுத் தொரத்தின பெறகுதான் இங்க வந்தது. டூன்காராவுலேருந்து இங்க வந்தது நாங்களும் டோனலும்தான்."

"டப்ளின்ல உக்காந்திருக்கிறவன் பாடு. மேயோ ஜில்லாவுல எத்தன மார்ட்டின் லவெல்டா சாமின்னு தலையில அடிச்சுக்குவான்."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒனோராவுக்கு வாசிக்கத் தெரியாது. தபால் நிலையத்து மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வின்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வின்னி உறையைக் கிழித்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி வாசித்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"குடும்பம் கெடச்சிருச்சுக்கா. ஐம்பத்தொண்ணாம் வருசக் கணக்குல. மார்ட்டின், நாப்பது வயசு. காத்தரின், முப்பத்தாறு. மகன் பாட்ரிக், பதினொண்ணு. மகள் ஒனோரா..."

"ஒன்பது."

"ரெண்டு."

"ரெண்டா? தப்பா எழுதியிருப்பாங்க. எழுத்து அழிஞ்சிருக்கும்."

"அழியலக்கா. கீழ இன்னும் ஒரு வரி இருக்கு. அதுக்கு முந்தின பத்து வருசத்துல அந்த வீட்ல செத்தவங்களத் தனியா எழுதச் சொல்லியிருக்காங்க." வின்னி குரலைத் தணித்துக்கொண்டாள். "மகள் ஒனோரா. அஞ்சு வயசு. நாப்பத்தேழாம் வருசம். காய்ச்சல். எடம், அங்கே."

இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம். அதில் ஒன்றும் புதுமை இல்லை. 'உனக்கு முன்னால ஒருத்தி இருந்தா, அவ பேருதான் உனக்கு' என்று பிள்ளையிடம் சொல்லி வளர்ப்பார்கள். ஒனோராவிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே செத்தது என்று அடுத்த கேள்வி வரும். அங்கே போனோம் என்று சொல்வதைவிட, ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்று இருந்துவிடுவது அவள் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இரண்டாவது ஒனோரா பிறந்தபோது கோவிலில் எழுதுவதற்கு அப்போதிருந்த சாமியாரும் இல்லை, காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிருந்தது. புத்தகத்தில் இருந்தது முதல் பிள்ளை மட்டும்தான்.

"அப்போ எனக்கு என்ன வயசு?"

வின்னி பென்சிலால் உறையின் பின்னால் போட்டுப் பார்த்தாள். "அறுபத்துமூணு. இன்னும் ஏழு வருசம் இருக்குக்கா, பென்ஷனுக்கு."

ஒனோரா காகிதத்தை வாங்கிச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் கல்மதில்மேல் உட்கார்ந்தாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. விரல்களை மடக்கி நீட்ட முடியாததால் உதட்டால் எண்ணினாள். அறுபத்துமூன்றிலிருந்து முப்பத்திரண்டைக் கழித்தாள். பிசகியது. மறுபடி எண்ணினாள்.

"முப்பத்தொண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னாள். வயலில் நின்ற ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

மறுநாள் வின்னி அவளைத் தேடி வீட்டுக்கே வந்தாள். அடுப்பருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராத்திரி முழுக்க யோசித்ததைச் சொன்னாள். "அந்தப் பெரிய பிள்ளை நீங்கதான்னு சொல்லிடுங்க. செத்தது ஒரு சின்னக் கொழந்தை, கணக்கெழுத வந்த போலீஸ்காரன் பேரையும் வயசையும் மாத்திப் போட்டுட்டான்னு சொல்லுங்க. டூன்காராக்காரங்க யாராவது சத்தியம் பண்ணாப் போதும். பென்ஷன் கமிட்டியில நம்ம ஆளுங்கதானே இருக்காங்க, ஒத்துக்குவாங்க."

"அந்தப் பொண்ணு செத்துச்சே."

"செத்துதான்க்கா போச்சு. அறுபத்தஞ்சு வருசம் ஆச்சு. அவ வயசு உங்க கல்யாணத்தக் கெடுத்துச்சுல்ல? இப்போ அதே வயசு உங்களுக்குச் சோறு போடட்டுமே. நீங்க அங்க போயி சாகணுமா?"

அங்கே என்ற சொல் மட்டும் அறையில் நின்றது.

டூன்காராக்காரன் என்றால் டோனல்தான். அவனுக்கு எழுபத்துநான்கு வயது, மனைவி இறந்துவிட்டாள், மகன் வீட்டில் இருந்தான். வின்னி போய்ச் சொன்ன அன்றே மாலை ஒரு சாக்கு மண்கட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முப்பத்திரண்டு வருடமாகச் சாலையில் பார்த்தால் தொப்பியைத் தொடுவான், அவள் தலையை அசைப்பாள். இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. சாக்கை இறக்கிவிட்டு உட்காராமல் நின்றான்.

"நான் சத்தியம் பண்றேன், ஒனோரா. அதுல என்ன இருக்கு. டூன்காராவுல நம்ம ரெண்டு வீடும் ஒரே சுவரு."

"போலீஸ்காரன் மாத்தி எழுதிட்டான்னு சொல்லணுமாம்."

"சொல்றேன். நான் பொய்யா சொல்லப்போறேன்? எனக்கு நல்லா நெனவிருக்கு. அங்க போற வழி பூரா அவ என் சட்டைய பின்னாடி புடிச்சுக்கிட்டே வந்தா. பன்னெண்டு மைல். வாசல்ல பையனுங்கள ஒரு பக்கம், பொண்ணுங்கள ஒரு பக்கம் பிரிச்சாங்க. அப்பவும் விடல. ஒரு பொம்பள வந்து ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தா."

அடுப்பில் கட்டி ஒன்று சரிந்தது. ஒனோரா அதை நேராக்கவில்லை.

"நீ-ன்னு சொல்லல. அவ-ன்னு சொன்னீங்க."

டோனல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் அங்கதான் போனாங்க. அத்தை வந்து என்னக் கூட்டிட்டுப் போனா. அங்க இருந்தத யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு வழியிலேயே சொல்லிட்டா."

"அப்போ அவ செத்தது தெரியும்."

"தெரியும்."

"சாமியாரு புத்தகத்தப் பாத்து முப்பத்தெட்டுன்னு சொன்னப்போ, நீ என் பக்கத்துலதான் நின்ன."

அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அந்தப் பேரு வேற பொண்ணோடதுன்னு உனக்குத் தெரியும். எனக்கு முப்பதுதான் இருக்கும்னும் தெரியும்."

"தெரியும். அது வேற பொண்ணுன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்பாங்க. எங்க பாத்தன்னு கேப்பாங்க. சாமியாரு, தரகன், அத்தை, எல்லாரும் உக்காந்திருந்தாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு ஒனோரா. அதுக்குள்ள அத்தை எந்திரிச்சிட்டா."

அவள் சரிந்த கட்டியைக் காலால் நேராக்கினாள். அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவளுக்குக் கத்தத் தெரியாது. கடைசியில் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அவ தலைமுடி என்ன நெறம்?"

"செவப்பு. உங்க அப்பா மாதிரி."

"பேசுவாளா?"

"அம்மாடி! வாய் மூடாது. வழியில ஒவ்வொரு வீடா காட்டி, இது யாரு வீடு, இது யாரு வீடுன்னு கேட்டுக்கிட்டே வந்தா. பாதி வீட்ல ஆளில்ல. நான் வாய்க்கு வந்த பேரெல்லாம் சொன்னேன்."

"அப்புறம்?"

அவன் யோசித்தான். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவ்வளவுதான் தெரியும்" என்றான்.

கமிட்டி பள்ளிக்கூடத்தில் கூடியது. பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க மூன்று குடியானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மனெலி சாமியார், பக்கத்தில் பென்ஷன் அதிகாரி. அதிகாரிக்கு ஊர்ப் பேச்சு தெரியாது, சாமியார்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னார். சுவரோரமாக ஊர்ப் பாதி நின்றது.

டோனல் பைபிள்மேல் கையை வைத்தான். அந்த ஊரில் யாரும் எழுந்து நின்று சொல்லாததைச் சொன்னான்.

"நான் ஏழை விடுதியில இருந்தவன். ஒன்பது வயசுல. எங்க அப்பாவும் அம்மாவும் அங்கதான் செத்தாங்க. இந்தப் பொண்ணும் அவங்க வீட்டாளுங்களும் என்னோடதான் அங்க வந்தாங்க. அப்போ இவளுக்கு அஞ்சு வயசு. செத்தது ஒரு கைக்கொழந்தை. இவ நடந்து வெளிய வந்தா. நான் பாத்தேன்."

அவனுடைய மருமகள் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.

அதிகாரி காகிதத்தைத் தட்டினார். இதில் உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இரண்டு வயது என்று இருக்கிறதே என்று கேட்டார்.

"கணக்கெழுத வந்த போலீஸ்காரனுக்கு எங்க பேச்சு ஒரு வார்த்த தெரியாதுங்க" என்றான் டோனல்.

பெஞ்சிலிருந்த குடியானவர் ஒருவர் முன்னால் சாய்ந்தார். "அது உண்மைதான் சாமி. எங்க சித்தப்பனப் பொம்பளன்னு எழுதிட்டுப் போனான் ஒருத்தன். சாகுற வரைக்கும் சித்தி அதையே சொல்லிக் காட்டுவா." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. ஒனோராவின் பக்கம் திரும்பினார். "இந்தக் காகிதத்துல ரெண்டு ஒனோரா இருக்கு, ஒனோரா. செத்ததா எழுதியிருக்கிற பொண்ணு யாரு?"

அவள் மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். எந்த வரி என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி எழுத்தாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கல்லறை இல்லை. சுண்ணாம்பு போட்ட பெரிய குழியில் எத்தனையோ பேரோடு கிடப்பாள். அவள் இறந்தாள் என்று உலகத்தில் எழுதியிருப்பது அந்த ஒரு வரியில்தான். ஒனோரா தன் வீட்டை நினைத்தாள். கதவில் காற்று நுழையாமலிருக்கத் திணித்த துணி, ஜன்னலில் வைத்த ஒற்றைக் கோப்பை.

"அது நான்தான் சாமி" என்றாள். "சாகல."

சாமியார் கொஞ்சநேரம் அவளைப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் மாற்றிச் சொன்னார். அதிகாரி எழுதினார். ஒனோரா, மடங்கிய விரல்களுக்கிடையில் பேனாவைச் செருகிக்கொண்டு, காட்டிய இடத்தில் ஒரு சிலுவைக் கோடு போட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஐந்து ஷில்லிங் வந்தது. தேயிலை வாங்கினாள், மாவு வாங்கினாள், ஒரு முறை கூரைக்கு வைக்கோல் வாங்கினாள். டோனல் சாக்கில் மண்கட்டி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். மருமகள் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அங்கே இருந்தவன் வீட்டுப் பிள்ளைகளை யார் கட்டுவார்கள் என்பது அவள் கவலை. ஒனோரா அவனை உள்ளே வரச் சொன்னதில்லை. சாக்கை உள்ளே எடுத்து வைத்துக்கொள்வாள்.

அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாள் பூசைக்கு வீட்டுக்கு வீடு இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சாமியார் அதைப் பீடத்தில் நின்று வாசித்து அவர்களுக்காக வேண்டுவார். எழுதத் தெரியாதவர்களுக்கு வின்னி எழுதினாள். ஒனோரா கடைசி ஆளாக வந்தாள். மற்றவர்கள் போகும்வரை தபால் தலை ஒட்டிய பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கக்கா."

"மார்ட்டின். எங்க அப்பா."

வின்னி எழுதினாள்.

"காத்தரின்."

எழுதினாள்.

"பாட்ரிக்கையும் போட்டுடு. இருந்திருந்தா இதுக்குள்ள எழுதியிருப்பான்."

வின்னி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. அந்தக் கடிதத்தை வாசித்தவள் அவள்தான். சத்தியம் செய்யச் சொன்னவளும் அவள்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"வேற யாராச்சும்?"

பூசையில் வாசிக்கப்போவது மனெலி சாமியார். ஒனோரா லவெல் என்ற பெயர் வெள்ளிக்கிழமைதோறும் பென்ஷன் வாங்கும் பெயர்.

"இல்ல" என்றாள் ஒனோரா.

நவம்பர் இரண்டாம் தேதி கோவில் நிறைந்திருந்தது. மழையில் நனைந்த கம்பளிச் சால்வைகளின் வாசம். அவள் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். சாமியார் பெயர்களை ஒரே ராகத்தில் வாசித்துக்கொண்டே வந்தார். டோனல் வீட்டுப் பட்டியலில் இந்த வருடம் முதல்முறையாக அவன் அப்பா அம்மா பெயர் இருந்தது. அடுத்தது லவெல் வீடு. மார்ட்டின் என்றார், காத்தரின் என்றார், பாட்ரிக் என்றார். ஒரு மூச்சு விட்டார். ஒனோரா தலையைத் தூக்கினாள்.

அவர் காகிதத்தைத் திருப்பி, அடுத்த வீட்டுப் பெயர்களை வாசித்தார்.